மறு: உருவரையா, உருக்கோடா?

அன்புள்ள குழுவினருக்கு,
வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கண்காட்சிக் கையேட்டை முடித்துத் தர வேண்டும். கனடாவின் வான்கூவர் தீவின் மேற்குக் கரையில் வாழும் நூ-சா-நுல்த் என்ற பழங்குடி மக்களின் ஸ்கிரீன் பிரிண்ட் ஓவியங்கள். திமிங்கலம், இடிப்பறவை, மின்னல் பாம்பு எல்லாம் தமிழில் வந்துவிட்டன. அந்த ஓவியங்களில் உருவங்களை ஆக்கும் கோட்டுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘ஃபார்ம்லைன்’ மட்டும் பிடிபடவில்லை. ‘உருவரை’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?
– மீ.

உருவரை என்றால் அவுட்லைன் என்றே எடுத்துக்கொள்வார்கள் அம்மா. இது புறக்கோடு இல்லை. திமிங்கலத்தின் முதுகில் கறுப்புக் கோடு கட்டைவிரல் அகலத்துக்குப் பருத்து, வால் திரும்பும் இடத்தில் நூலாக இளைத்து, அடுத்த கோட்டில் கலந்துவிடும். அந்தக் கோடுதான் உடம்பு. ‘உருக்கோடு’ என்று சொல்லுங்கள். கோடுதல் என்றால் வளைதல். ‘ஒருபால் கோடாமை’ என்கிறாரே வள்ளுவர். யானைத் தந்தம், மரக்கிளை, சங்கு மூன்றுக்கும் கோடு என்று பெயர். மூன்றுமே ஓரிடம் பருத்து மறுமுனை ஒடுங்குபவை. கடற்கரைக் கலைக்கு வேறென்ன சொல் வேண்டும்?
– சு.

ஐயா, வேர் அழகாக இருக்கிறது. ஆனால் ‘உருக்கோடு’ என்று அச்சில் பார்த்தால் ‘உருக்கு + ஓடு’ என்றுதான் கண் பிரிக்கும். ‘வடிவக்கோடு’ போதும். பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.
– த.

சொல் எதுவானாலும் ஒரு குறிப்பு தேவை. ஃபார்ம்லைன் என்பது அதே பசிபிக் கரையில் வடக்கே வாழும் ஹைடா, டிலிங்கிட் போன்ற மக்களின் ஓவிய முறைக்கு 1965-இல் கலை வரலாற்றாளர் பில் ஹோம் தந்த பெயர். நூ-சா-நுல்த் ஓவியம் அந்த விதிக்குள் முழுக்க அடங்காது. அதன் கோடு இன்னும் கட்டற்றது. ஜோ டேவிட், ஆர்ட் தாம்சன் போன்ற நூ-சா-நுல்த் ஓவியர்கள் வடபாணியைக் கற்ற பிறகும் தம் முன்னோர் பாட்லாட்ச் என்ற சடங்கு விருந்தில் தொங்கவிட்ட சடங்குத் திரைகளை நோக்கித் திரும்பினார்கள். 1885 முதல் 1951 வரை அந்த விருந்தையே கனடா சட்டம் தடைசெய்திருந்தது. 1778-இல் வந்த ஆங்கிலேயக் கடலோடி குக் வைத்த ‘நூட்கா’ என்ற பெயரையும் அம்மக்கள் உதறிவிட்டார்கள். வெளியார் வைத்த இன்னொரு பெயரை நாமும் அவர்கள்மேல் ஏற்ற வேண்டாம்.
இன்னொன்று, ஓர்காவைக் ‘கொலைகாரத் திமிங்கலம்’ என்று எழுதாதீர்கள். அவர்கள் மதிக்கும் உயிர் அது. டால்பின் குடும்பம்தான், நம் மீனவர் சொல்லான ஓங்கிலை வைத்துப் ‘பேரோங்கில்’ எனலாம்.
– ந.

‘வடிவக்கோடு’ என்று போட்டு, ந. சொன்ன குறிப்பையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். ஓர்காவை ஓர்கா என்றே விட்டேன். பேரோங்கிலை விளக்கப் பக்கத்தில் இடமில்லை. அனைவருக்கும் நன்றி.
– மீ.

எனக்கு உடன்பாடில்லை. ‘வடிவக்கோடு’ என்றால் கணக்குப் பாட வாடை வருகிறது. ‘உருவக்கோடு’ என்று எழுதினால் த. சொன்ன உருக்கும் ஓடும் வராது. மறுபதிப்பு வரும்போது சொல்லுங்கள் அம்மா, மீண்டும் எழுதுகிறேன்.
– சு.