முதுகுத்தண்டில் அடிபட்ட மாமா: ஊத்தங்கரையிலிருந்து எங்கே கூட்டிப்போவது?

பாம்பாறுக்காரி:
நாங்கள் பாம்பாறு அணை இலங்கைத் தமிழர் முகாம். மாமா பெயின்ட் வேலைக்குப் போன இடத்தில் சாரம் சரிந்து விழுந்து ஐந்து மாதம். டி4, அதாவது நெஞ்சுக்குப் பின்னால் வரும் முதுகெலும்புகளில் மேலிருந்து நாலாவது, என்று சீட்டில் எழுதியிருக்கிறது, நெஞ்சுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. ஆபரேஷன் முடித்து மூத்திர டியூபோடு அனுப்பிவிட்டார்கள், இனி என்ன செய்ய வேண்டும் என்று ஒருத்தரும் உட்கார்ந்து சொல்லவில்லை. இப்போது குண்டிக்கு மேலே ஐந்து ரூபாய்க் காசளவு புண். மாமி எண்ணெய் போட்டுத் தேய்க்கிறார். எலும்புக் கட்டுப் போட்டால் நடப்பார் என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். போகலாமா? எங்களுக்குக் காப்பீடு உண்டா?

சூளகிரி பிசியோ:
கட்டு எலும்புக்கு. இவருக்கு அடிபட்டது உள்ளே ஓடும் நரம்புத் தண்டில், பிடித்து இழுத்தால் இருப்பதும் கெடும். முதலில் புண்ணைப் பாருங்கள். தேய்ப்பதை இன்றே நிறுத்திவிட்டு, இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள், ராத்திரியிலும்தான். மல்லாக்க வேண்டாம். புண் கறுத்தாலோ காய்ச்சல் வந்தாலோ ஆஸ்பத்திரிதான்.
அப்புறம், டி6க்கு மேலே அடி என்பதால் சொல்கிறேன்: திடீரென்று மண்டை பிளக்கிற தலைவலி, முகத்தில் வியர்வை வந்தால் உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, டியூப் மடங்கியிருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் மூத்திரப்பை நிரம்பியதுதான் காரணம். பிபி தாறுமாறாக ஏறும், அடங்காவிட்டால் 108.
மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோ வீட்டுக்கே வருவார். 2021 ஆகஸ்டில் அது தொடங்கியதே நம்ம சாமனப்பள்ளியில்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

முகாம் அண்ணன்:
தங்கச்சி, என் தம்பிக்கும் இதேதான். வேலூர் பாகாயத்தில் சிஎம்சியின் மறுவாழ்வு மையம் இருக்கிறது. அதற்கு வழிபோட்ட டாக்டர் மேரி வர்கீஸே விபத்தில் கால்கள் செயலிழந்து, வீல்சேரில் இருந்தபடி ஆபரேஷன் செய்தவர். நடக்கவைப்பார்கள் என்று நினைத்துப் போகாதீர்கள். கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறுவது, கையால் ஊன்றிக் குண்டியைத் தூக்கி இறக்குவது, டியூபைத் தானே போட்டு எடுப்பது, இதெல்லாம்தான் பாடம். தம்பி தானாக டியூப் போட்ட அன்றைக்குத்தான் ஒரு வருஷம் கழித்துச் சிரித்தான்.
முதலமைச்சர் காப்பீடு முகாம்காரருக்கு வருமான வரம்பு இல்லாமலே உண்டு. ஆனால் தங்கிப் பழகும் செலவும் அதில் அடங்குமா என்று அங்கே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். போகும் முன் முகாமைப் பார்க்கும் ஆர்.ஐ.யிடம் (வருவாய் ஆய்வாளர்) எழுதிக்கொடுத்து அனுமதி வாங்குங்கள். நாங்கள் அவசரத்தில் ஓடிவிட்டோம், முகாம் கணக்கெடுப்பில் ஆளில்லை என்று அரசு மாதாமாதம் தரும் பணக்கொடை நின்றுபோய் அதற்கு அலைந்தது தனிக் கதை.

பாம்பாறுக்காரி:
சரி அண்ணா, திங்கட்கிழமை மனு கொடுக்கிறேன். எண்ணெய்ப் புட்டியை ஒளித்துவைத்ததில் மாமிக்குக் கோபம். நேற்று தலைவலி என்று மாமா கத்தியபோது மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்தோம். இப்போது போய்ப் பார்த்தால் டியூப் கட்டில் சட்டத்தில் நசுங்கிக் கிடக்கிறது.