கன்னத்தில் வெள்ளைத் திட்டு: பல் டாக்டரா, ஈப்போ ஜிஎச்சா?

சிப்புட்_மணி:
வணக்கம். அம்மாவுக்கு 62 வயசு, வெற்றிலை பாக்கு விடமாட்டார். கன்னத்துக்கு உள்ளே வெள்ளைத் திட்டு, ஒரு மாசமா அப்படியே இருக்கு, வலி இல்ல. சுங்கை சிப்புட் அரசாங்கப் பல் கிளினிக் போதுமா, இல்ல ஈப்போ ஜிஎச் (பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி) போகணுமா? தொண்டையும் பார்ப்பாங்களா?

கடைவாய்:
பல் கிளினிக்குக்கே போங்க தம்பி. ஈப்போவுக்கு ரெஃபரல் கடிதம் அவங்களே தருவாங்க. கவுண்டரிலேயே "ஒரு மாசமா ஆறாத திட்டு"ன்னு சொல்லுங்க. செக்கப்னு மட்டும் சொன்னா தேதி தள்ளிப் போகலாம்.

அன்னிக்கு வெற்றிலை வேண்டாம், பாக்குச் சாயம் திட்டை மறைக்கும். பொய்ப்பல் இருந்தா கழற்றிக் காட்டணும், அதுக்கடியிலும் சதை வளரும்.

உதடு, கன்னம், ஈறு, அண்ணம் பார்த்ததும் காஸ் துணியால் நாக்கு நுனியைப் பிடிச்சு இழுத்து, ரெண்டு ஓரத்தையும் கடைசி வரை பார்க்கணும். பிறகு நாக்குக்கு அடியில் ஒரு விரல், தாடைக்கு வெளியே மறு கை, நடுவில் கட்டி இருக்கான்னு அழுத்திப் பார்ப்பாங்க. கடைசியா கழுத்து நெறிக்கட்டி. அவசரத்தில் விட்டுப்போவது நாக்கின் பின்னோரமும் நாக்குக்கு அடியில் இருக்கும் வாய்த்தளமும்தான். நாக்கை இழுக்காமலே "ஒண்ணுமில்ல"ன்னா, இழுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்க.

செம்பருத்தி:
வலி இல்லங்கிறதை நல்ல சேதின்னு எடுத்துக்காதீங்க. வாய்ப் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. துடைச்சா வந்துடும் வெள்ளை பெரும்பாலும் காளான் தொற்று. ஒட்டியே இருக்கிறதைத்தான் விடக்கூடாது. அதில் சிவப்பு கலந்திருந்தா இன்னும் சீக்கிரம் காட்டணும். வாயைத் திறந்தா மூணு விரல் நேரா நுழையுதா? இல்லன்னா பாக்கால் சதை இறுகியிருக்கலாம். புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோய் வரவைக்கும்.

கூரான பல் உரசின புண்ணா இருந்தா, பல்லைத் தேய்ச்சுவிட்டு 2 வாரம் பார்ப்பாங்க. ஆறலன்னா பயாப்சி (சின்னத் துண்டு சதை எடுத்துச் சோதிக்கிறது), அதுக்கப்புறமும் களிம்பு மாத்தி மாத்திப் பூசுறது வீண். புண்ணின் நடுவில் மட்டும் எடுத்தா செத்த திசுதான் வரும், அதனால் நல்ல சதையும் சேர ஓரத்தில் வெட்டுவாங்க.

கடைவாய்:
தொண்டைக்கு வரேன். டான்சில், பின்சுவர் வரை பல் டாக்டர் பார்ப்பார். குரல்வளை தெரியாது. 3 வாரத்துக்கு மேல் குரல் கம்மல், விழுங்கச் சிரமம், ஒரு பக்க டான்சில் மட்டும் பெருசுன்னா காது மூக்கு தொண்டைப் பிரிவு.

சிப்புட்_மணி:
நன்றி. ஆஸ்பிரின் சாப்பிடுறாங்க, நிறுத்தணுமா?

செம்பருத்தி:
நீங்களா நிறுத்தாதீங்க. சின்னத் துண்டு எடுக்கிறதுக்கு ஆஸ்பிரினை நிறுத்தப் பெரும்பாலும் தேவையில்ல. மாத்திரை அட்டை எல்லாத்தையும் கொண்டுபோங்க. ரத்தம் உறையாம இருக்கத் தர்ற வார்ஃபரினும் இருந்தா முதலில் ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் சோதனை) பார்ப்பாங்க.