மூளைச் சவ்வில் சேர்த்த லியூ-என்கெஃபலின் 10 நிமிடத்தில் மறைந்துவிடுகிறது, ஏன்?

கேள்வி:
எலி மூளைச் சவ்வில் லியூ-என்கெஃபலினை (டைரோசின்-கிளைசின்-கிளைசின்-ஃபினைல்அலனின்-லியூசின் என்ற ஐந்து அமினோ அமிலப் பெப்டைடு) 10 மைக்ரோமோலார் சேர்த்து 37 டிகிரியில் வைத்தால், 10 நிமிடத்தில் எச்பிஎல்சியில் (கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) அதன் பீக் இல்லை. பிஎம்எஸ்எஃப் என்ற நொதித் தடுப்பானைப் போட்டும் பலனில்லை. குழாயில் ஒட்டிக்கொள்கிறதா, சிதைகிறதா?

பதில் 1:
சிதைகிறது. சுவரில் ஒட்டுவது நானோமோலார் அளவில்தான் பெரிய தொல்லை. ஐயமிருந்தால் வெறும் பஃபரில் ஒன்று, கொதிக்கவைத்து ஆற்றிய சவ்வில் ஒன்று வையுங்கள். இரண்டிலும் பீக் நின்றால் நொதிதான் காரணம்.

பிஎம்எஸ்எஃப் செரின் வகை நொதிகளுக்கானது. இங்கே வெட்டுபவை துத்தநாக நொதிகள். அமினோபெப்டிடேஸ் என் முதலிலுள்ள டைரோசினைக் கழற்றும்; நெப்ரிலைசின் மூன்றாவது கிளைசினுக்கும் நான்காவது ஃபினைல்அலனினுக்கும் நடுவே வெட்டும். முன்னதைத் தடுக்கப் பெஸ்டாட்டின் 10 மைக்ரோமோலார், பின்னதைத் தடுக்கத் தையோர்ஃபன் 1 மைக்ரோமோலார் போட்டு 5 நிமிடம் கழித்துப் பெப்டைடைச் சேருங்கள். உலோக அயனிகளைப் பிடிக்கும் இடிடிஏ துத்தநாகத்தைப் பறிக்கும்தான், ஆனால் மெக்னீசியத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அடுத்து ஏற்பிப் பிணைப்பு பார்ப்பதானால் அது வேண்டாம்.

பதில் 2:
தடுப்பானுக்கு முன் துண்டுகளைப் பாருங்கள், யார் வெட்டுகிறார்கள் என்பது அதில் தெரியும். தனி டைரோசின் வந்தால் அமினோபெப்டிடேஸ். டைரோசின்-கிளைசின்-கிளைசின் வந்தால் நெப்ரிலைசின் அல்லது ஏசிஇ (ஆஞ்சியோடென்சின் மாற்று நொதி). ஏசிஇயைத் தடுக்கும் கேப்டோபிரில் போட்டால் குறைகிறதா என்று பார்த்து இரண்டையும் பிரிக்கலாம். டைரோசின்-கிளைசின் மட்டும் வந்தால் டைபெப்டிடில் பெப்டிடேஸ் 3.

ஒரு பொறி உண்டு. நெப்ரிலைசின் விட்டுச்செல்லும் மூன்று அமினோ அமிலத் துண்டையும் அமினோபெப்டிடேஸ் கடித்துவிடும். 10 நிமிடம் கழித்து மட்டும் எடுத்தால் எல்லாம் டைரோசினாகத் தெரியும், தவறான நொதியைக் குற்றம் சொல்வீர்கள். 0, 1, 2, 5 நிமிடங்களில் சாம்பிள் எடுத்து, உடனே அமிலம் சேர்த்து நிறுத்திப் பனியில் வையுங்கள். இந்தத் துண்டுகள் நீர்விரும்பிகள், எச்பிஎல்சியின் பிரிப்புக் குழாயிலிருந்து (காலம், column) சீக்கிரம் இறங்கிவிடும். அசெட்டோநைட்ரைலை 2 சதவீதத்திலோ அதற்கும் கீழோ தொடங்குங்கள், 214 நானோமீட்டரில் பாருங்கள்.

பதில் 3:
தையோர்ஃபனில் தயோல் தொகுதி இருக்கிறது, பழைய ஸ்டாக் ஆக்சிஜனேற்றமடைந்து செயலிழந்திருக்கும். புதிதாகக் கரையுங்கள். மெத்-என்கெஃபலினுக்கு (கடைசியில் லியூசினுக்குப் பதில் மெத்தியோனின் உள்ளது) மாறினால் மெத்தியோனினும் அப்படியே: சல்ஃபாக்சைடாகி நிறை 16 கூடும், பீக் முன்னால் நகரும். அதைச் சிதைவென்று எண்ணிவிடாதீர்கள்.

ஏற்பியை மட்டும் தூண்ட வேண்டுமென்றால் டாட்லே (DADLE) என்ற செயற்கை என்கெஃபலின் போதும். இரண்டாவது கிளைசினுக்குப் பதில் டி-அலனின் இருப்பதால் அமினோபெப்டிடேஸால் எளிதில் வெட்ட முடியாது. 1975இல் ஹியூஸும் காஸ்டர்லிட்ஸும் அபர்டீனில் பன்றி மூளையிலிருந்து பிரித்த இயற்கைப் பெப்டைடு வேகமாக அழிவதுதான் இப்படிப்பட்ட மாற்றுகளுக்கு வழிவகுத்தது.