மறு: சிந்தசைசர் குமிழ்கள் – ‘நேர்ப்பிடி’ என்று வைக்கலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

முதல் சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் இசைக்கருவி) வாங்குவோருக்காக எழுதும் சிறு கையேட்டுக்கு ஒரு சொல் கேட்டிருந்தேன். ஒலியை மாற்றும் ஒவ்வொரு வேலைக்கும் கருவியின் முகப்பிலேயே தனியாக ஒரு பிடி இருக்கும், திரைக்குள் தேடிப் போக வேண்டாம் என்ற வகைக்கான பெயர். மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூவருக்கும் நன்றி.

> தொடு சிந்தசைசர் எனலாமே.

தொடுதிரை வந்த பிறகு ‘தொடு’ கண்ணாடிக்குச் சொந்தமாகிவிட்டது. படிப்பவர் ஐபேடைத்தான் நினைப்பார். நாம் சொல்ல வருவதோ விரலுக்கு அடியில் திரும்புகிற, கொஞ்சம் இறுக்கம் காட்டுகிற ஒரு பொருளை.

> கைவினைச் சிந்தசைசர்?

பனையோலைப் பெட்டி நினைவுக்கு வருகிறது. கையால் செய்தது வேறு, கையால் இயக்குவது வேறு.

> குமிழ்ச் சிந்தசைசர் என்றால் எளிதாகப் புரியும்.

எனக்கும் முதலில் பிடித்தது இதுதான். ஆனால் ரோலண்ட் எஸ்எச்-101ஐ எங்கே வைப்பது? 1982இல் வந்த கருவி, 32 கட்டைகள், ஒரு நேரத்தில் ஒரே சுரம். அதன் முகப்பில் இருப்பவை பெரும்பாலும் மேலும் கீழும் தள்ளும் பிடிகள், குமிழ்கள் குறைவு. ஆனாலும் இந்த வகைக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. எதிர்ப்பக்கமும் பாருங்கள். இன்று வரும் பல கருவிகளில் திரைக்குக் கீழே நான்கு குமிழ்கள் இருக்கும். பக்கம் மாறினால் அவற்றின் வேலையும் மாறிவிடும். குமிழ் இருக்கிறது, நாம் சொல்லும் தன்மை இல்லை.

அந்தத் தன்மை என்ன என்பதை அண்ணன் மகளிடம்தான் கண்டேன். பத்து வயது. கோர்க் வோல்கா கீஸை அவள் முன் வைத்தேன். 2013இல் வந்த சின்னப் பெட்டி. ஆறு பென்சில் பேட்டரியில் ஓடும், ஒலிபெருக்கியும் உள்ளேயே உண்டு. ஒரு விரலைக் கட்டையில் வைத்தபடி ‘கட்ஆஃப்’ குமிழை இடப்பக்கம் திருப்பினாள். மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து வருவதுபோல் ஒலி மங்கியது. மெல்ல வலப்பக்கம் வந்ததும் ‘ஊ’ என்றிருந்தது ‘ஆ’ என்று வாய் திறந்தது. ‘பீக்’ குமிழையும் ஏற்றிவிட்டுத் திரும்ப அதையே செய்தாள். இப்போது மூக்கால் பேசியது. “சித்தப்பா, இது வாய்!” என்றாள். வடிகட்டி, அதிர்வெண் என்று நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. எந்தக் குமிழ் எந்த ஒலி என்பது அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

இதை யமாஹா டிஎக்ஸ்7இல் செய்ய முடியாது. 1983இல் வந்த அருமையான கருவி, அதன் ஒலிகள் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் மாற்ற வேண்டிய அளவு எதுவோ அதைப் பொத்தானால் தேர்ந்து, வரிக்கு 16 எழுத்தாக இரண்டு வரித் திரையில் பார்த்து, எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே பிடியைத் தள்ள வேண்டும். அதனால்தான் பலர் அதனுடன் வந்த ஒலிகளோடே நின்றுவிட்டார்கள்.

ஆகவே என் பரிந்துரை: நேர்ப்பிடி. பிடி என்பது குமிழையும் தள்ளுபிடியையும் சேர்த்தே குறிக்கும். ‘நேர்’ என்பதில் இரண்டு பொருள் கிடைக்கிறது: இடையில் எதுவும் இல்லை, ஒன்றுக்கு ஒன்று நேர். ‘பிடிபட்டது’, ‘பிடி கிடைத்தது’ என்று நாம் அன்றாடம் சொல்வதும் கூடவே வருகிறது. எதிர்ச்சொல்லும் சுலபம். மெனுவைக் கணித்தமிழில் பட்டி என்கிறோம். எனவே திரைக்குள் நுழைந்து இயக்குவது பட்டிவழி. முகப்பு நிறையக் குமிழ்கள் உள்ள பழைய மினிமூக் சிந்தசைசர் நேர்ப்பிடிக் கருவி, டிஎக்ஸ்7 பட்டிவழிக் கருவி. வாக்கியத்தில் இடறவில்லை என்றே நினைக்கிறேன்.

இரண்டு சிக்கல்கள் உண்டு. வோல்கா கீஸில் ‘டிகே’ (தொடங்கிய ஒலி இறங்கும் நேரம்), ‘ரிலீஸ்’ (கட்டையை விட்டபின் ஒலி அடங்கும் நேரம்) இரண்டுக்கும் ஒரே குமிழ்தான். கண்டிப்பாகப் பார்த்தால் அது ஒன்றுக்கு ஒன்று இல்லை. என் கருத்தில் அதையும் நேர்ப்பிடி என்றே சொல்லலாம். அந்தக் குமிழ் எப்போதும் அதே வேலையைத்தான் செய்கிறது, பக்கத்துக்குப் பக்கம் மாறுவதில்லை. வரையறையை “ஒரு பிடிக்கு என்றும் மாறாத வேலை” என்று எழுதினால் சரியாகிவிடும்.

அடுத்தது, இசை படித்தவர்களுக்கு ‘பிடி’ என்றால் ராகத்தின் அடையாளமான சுரக்கோவை. இதைத்தான் நான் அதிகம் யோசித்தேன். வீணைக்காரர்களின் ‘பிருடை’யை எடுத்துக்கொள்ளலாமா என்றும் பார்த்தேன், கையால் திருகி ஒலியை மாற்றுவதற்கு நம்மிடம் ஏற்கெனவே உள்ள சொல். ஆனால் அது சுருதி சேர்ப்பதற்கு மட்டுமே. வாசிக்கும்போது அதை யாரும் திருகிக்கொண்டிருப்பதில்லை. நேர்ப்பிடிக் கருவியின் சுகமே வாசிக்கும்போது இன்னொரு கை சும்மா இல்லாததுதான். ‘நேர்’ முன்னால் வருவதால் ராகப் பிடியோடு குழம்பாது என்று நம்புகிறேன். கச்சேரி வட்டத்தில் இருப்பவர்கள் இதைப் பற்றி அவசியம் எழுத வேண்டும்.

சிந்தசைசர் என்பதை நான் மாற்றவில்லை. கடையில் கேட்கும் சொல் அது, அப்படியே இருக்கட்டும்.

கையேட்டில் வரப்போகும் வாக்கியம் இது: “முதல் கருவி நேர்ப்பிடியாக இருக்கட்டும், பிடிகள் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று கடையிலேயே திருப்பிக் கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.” மறுப்போ மேலான சொல்லோ இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்கட்கிழமை முதல் படிவம் அச்சுக்குப் போகிறது.

அன்புடன்.