கன்னடத்தில் இருந்த ராஜினாமா தாளில் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். கிராஜுவிட்டி (பணிக்கொடை) போச்சா?

கவிதா_கார்வேபாவிபாளையா (9 ஜூன் 2024)

எல்லோருக்கும் வணக்கம். அம்மா பெங்களூரு பொம்மனஹள்ளி பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் டெய்லர், சட்டைக்குக் கஃப் தைக்கிற லைன். 2019 மே 14 சேர்ந்தார். 2024 மார்ச் 22 கடைசி நாள். எண்ணிப் பார்த்தால் 4 வருஷம் 10 மாதம் சொச்சம்.

அன்றைக்குச் சாப்பாட்டு பெல்லுக்கு அப்புறம் எச்.ஆர். ரூமுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். டார்கெட் வரவில்லை, உங்களுக்கும் முழங்கால் வலி, செட்டில்மெண்ட் பண்ணிக்கொள்ளலாம் என்று இரண்டு தாளை நீட்டியிருக்கிறார்கள். இரண்டுமே கன்னடம். அம்மாவுக்குக் கன்னடம் பேச வரும், தண்ணி லாரிக்காரனிடம் சண்டை போடவும் வரும். படிக்க வராது. பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் தமிழில் பெயரெழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

நகலை மட்டும் கேட்டு வாங்கியிருந்தார், நல்லவேளை. கீழ்வீட்டு அக்கா படித்துச் சொன்னார். முதல் தாளில் 'ஸ்வஇச்சையிந்த ராஜீனாமே', அதாவது சொந்த விருப்பத்தில் விலகுகிறேன் என்று. இரண்டாவதில் 'யாவுதே பாக்கி இல்ல'. அதைப் புரிந்துகொள்ள யாரும் தேவைப்படவில்லை.

சம்பள பாக்கி, லீவு பணம் வந்தது. கிராஜுவிட்டி கேட்டால், "ஐந்து வருஷம் ஆகவில்லை, லாக்டவுனில் வேறு ஃபேக்டரி மூடியிருந்தது, அதையும் கழித்தால் இன்னும் குறையும்" என்கிறார்கள். அனுப்பினதும் இவர்கள், ஆகவில்லை என்பதும் இவர்கள். கடைசிச் சம்பளத்தில் பேசிக், டி.ஏ. (பஞ்சப்படி) சேர்த்து 11,700. ஏதாவது வழி உண்டா?

பாலா_ஹெச்எஸ்ஆர்

5 வருஷம் முடியாமல் கிராஜுவிட்டி கிடையாதுங்க. ராஜினாமா கையெழுத்து வேறு போட்டாச்சு. பி.எஃப். பணத்தை எடுத்துக்கொண்டு விட்டுவிடுவதுதான் நல்லது. அலைச்சல்தான் மிச்சமாகும்.

பீன்யா_சுந்தரம்

பாலா தம்பி, கொஞ்சம் பொறுங்கள். கவிதாம்மா, நான் பீன்யாவில் லேத் ஓட்டினவன். என் கிராஜுவிட்டிக்காக பன்னேர்கட்டா ரோடு கார்மிக பவனத்துக்கு (தொழிலாளர் துறை ஆபீஸ்) ஒன்றரை வருஷம் நடந்தவன். அதனால் சொல்கிறேன்.

அந்த ராஜினாமா தாளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1972 பணிக்கொடைச் சட்டத்தில், தானாக விலகினவருக்கும் பணம் உண்டு. 'பாக்கி இல்லை' என்று எழுதி வாங்கினதும் செல்லாது. 14ஆம் பிரிவுப்படி எந்த ஒப்பந்தத்தை விடவும் இந்தச் சட்டம்தான் மேலே.

லாக்டவுன் கதையும் நிற்காது. தொழிலாளி மேல் தப்பில்லாமல் வேலை நின்றுபோனால் சர்வீஸ் அறுபடாது என்று 2ஏ பிரிவில் இருக்கிறது.

மிச்சம் இருப்பது அந்த ஐந்தாவது வருஷம். அதே 2ஏ பிரிவில், 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது ஒரு முழு வருஷ சர்வீஸ். இதை வைத்து 4 வருஷமும் 240 நாளும் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொல்லியிருக்கிறது. சென்னைத் தீர்ப்பு இங்கே கர்நாடகத்தில் கட்டாயமில்லை, எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார். ஆனால் எடுத்துக் காட்டலாம், காட்டுங்கள்.

கணக்கு, வருஷத்துக்கு 15 நாள் சம்பளம்: 11,700ஐ 26 வேலை நாளால் வகுத்தால் ஒரு நாளுக்கு 450. அதை 15ஆல் பெருக்கினால் 6,750. ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் முழு வருஷம், ஆக 5 வருஷத்துக்கு 33,750 ரூபாய். தாமதத்துக்கு 10 சதவீத வட்டி தனி.

முதலில் கிராஜுவிட்டி கேட்கும் விண்ணப்பமான படிவம் 'ஐ' (I) நிரப்பி கம்பெனிக்குப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். வேலையை விட்ட 30 நாளுக்குள் கேட்க வேண்டிய கெடு தாண்டிவிட்டது என்பார்கள். அதற்காக மட்டும் உரிமை போகாது, காரணத்தை ஒரு வரி எழுதுங்கள். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ படிவம் 'என்' (N) எடுத்துக்கொண்டு உதவித் தொழிலாளர் ஆணையரிடம் போக வேண்டும். நான் வக்கீல் வைக்கவில்லை. தேதி தேதியாகப் போனேன், அவ்வளவுதான். கம்பெனிக்காரர் மூன்று தடவை வரவே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓவர்லாக்_செல்வி

கவிதா, மிரட்டி எழுதி வாங்கினார்கள் என்று நிரூபித்தால் அது ஆட்குறைப்பு, அதற்குத் தனி நஷ்டஈடு கேட்கலாம் என்று யாராவது சொல்வார்கள். சட்டப்படி சரிதான். ஆனால் அந்த ரூமில் அம்மாவும் எச்.ஆரும் மட்டும்தானே? சாட்சிக்கு யார் வருவார்? என்னைக் கேட்டால் முதலில் கிராஜுவிட்டியைப் பிடி.

அந்த 240 நாளுக்கு ஆதாரம் தேடு. சம்பளச் சீட்டில் மாதம் எத்தனை நாள் வேலை என்று இருக்கும். சீட்டு இல்லாவிட்டால் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) கணக்கைத் திறந்து பார், மாதாமாதம் நாள் கணக்கு பதிவாகியிருக்கும். கம்பெனியே கட்டின கணக்கு, மறுக்க முடியாது.

"விட்டுவிடுங்கள்" என்று எழுதினவருக்கு: 2016இல் பி.எஃப்.பில் முதலாளி பங்கை 58 வயது வரை எடுக்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தபோது, ஏப்ரலில் இதே ஹோசூர் ரோட்டில்தான் கார்மெண்ட்ஸ்காரர்கள் நாங்கள் மறியலுக்கு உட்கார்ந்தோம். இரண்டே நாளில் வாபஸ் வாங்கினார்கள்.

பாலா_ஹெச்எஸ்ஆர்

240 நாள் விஷயம் எனக்குத் தெரியாது. அவசரப்பட்டு எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

கவிதா_கார்வேபாவிபாளையா (11 ஜூன் 2024)

சுந்தரம் ஐயா, செல்வி அக்கா, ரொம்ப நன்றி. அம்மா சம்பளச் சீட்டையெல்லாம் பழைய போர்ன்விட்டா டப்பாவில் சுருட்டி வைத்திருக்கிறார். ரேஷன் ரசீது, கோயில் விபூதிப் பொட்டலம் எல்லாம் அதற்குள்தான். ராத்திரி தரையில் பரப்பி எண்ணினோம். 2023 மே 14இலிருந்து 2024 மார்ச் 22 வரை 229 நாள் வருகிறது. நவம்பர் சீட்டு மட்டும் காணோம். தீபாவளிக்கு ஊருக்குப் போனது போக 19 நாளாவது போயிருப்பேன் என்கிறார் அம்மா. ஈ.எஸ்.ஐ. கணக்குக்குப் பழைய போன் நம்பர் கொடுத்திருக்கிறது, ஓ.டி.பி. வரவில்லை. நாளைக்கு லீவு போட்டு ஈ.எஸ்.ஐ. ஆபீஸில் நம்பரை மாற்றப் போகிறோம். படிவம் 'ஐ'யைக் கீழ்வீட்டு அக்கா கன்னடத்தில் எழுதித் தருகிறேன் என்றிருக்கிறார். வரிவரியாக வாசித்துக் காட்டினால்தான் கையெழுத்து என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டார்.