நெட் ஸ்லோவா, வேணும்னே அமுக்குறாங்களா? கண்டுபிடிக்கிற வழிகளைப் பகிருங்கள்

யூடியூப் மட்டும் சுத்துது, வாட்ஸ்அப் ஓடுது என்றால் உடனே "நெட் நியூட்ராலிட்டி மீறல்" (எல்லாத் தளத்தையும் நெட் நிறுவனம் சமமாக நடத்த வேண்டும் என்ற விதியை மீறுவது) என்று புகார் எழுதிவிடாதீர்கள். அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். தீர்ந்தபின் எல்லாத் தளத்துக்கும் ஒரே மாதிரி வேகம் இறங்கினால் அது பிளான் விதி, பாகுபாடு அல்ல. அடுத்து, இரவு 9 மணிக்கும் விடியற்காலை 5 மணிக்கும் ஒரே சோதனையைச் செய்யுங்கள். காலையில் மட்டும் பறந்தால் பெரும்பாலும் டவரில் கூட்டம்தான்.

---

மேலே சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க. வெறும் ஸ்பீட்டெஸ்ட்டை நம்பாதீங்க. அதோட சர்வர் பல நேரம் கம்பெனி நெட்வொர்க்குக்குள்ளயே இருக்கும். ஃபாஸ்ட் டாட் காம் நெட்ஃபிளிக்ஸ் சர்வர்லேர்ந்தே இழுக்கும், அதனால ரெண்டையும் அடுத்தடுத்து ஓட்டுங்க. முதல்ல 40 எம்பிபிஎஸ், ரெண்டாவதுல 1.5-லயே அசையாம நின்னா சந்தேகப்படலாம். அப்புறம் விபிஎன் (எந்தத் தளத்துக்குப் போறோம்னு கம்பெனிக்குத் தெரியாம வேற சர்வர் வழியா அனுப்புறது) போட்டு மறுபடி பாருங்க. வேகம் ஏறினாலும் அவசரப்படாதீங்க, பாதை மாறினதாலயும் ஏறும். அமெரிக்காவுல நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகம் உருவாக்கின 'வீஹி' (Wehe) ஆப் இதை இன்னும் சுத்தமா செய்யும்: பதிவு செஞ்ச வீடியோ டிராஃபிக்கை ஒரு தடவை அப்படியே அனுப்பும், இன்னொரு தடவை அடையாளம் தெரியாதபடி உள்ளடக்கத்தை மாத்தி அனுப்பும். அளவு ஒண்ணு, வேகம் வேறன்னா உள்ளே பார்த்துத்தான் அமுக்குறாங்க. அஞ்சு தடவையாவது ஓட்டி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க.

---

வேகத்தைக் குறைக்காமல் இணைப்பையே அறுப்பதும் உண்டு. 2007-இல் அமெரிக்காவின் காம்காஸ்ட் என்ற நெட் நிறுவனம், கோப்புகளைத் தங்களுக்குள் பகிரும் பிட்டொரென்ட் பயனர்களிடம் செய்தது அதுதான். நடுவிலிருந்து போலி டிசிபி ரீசெட் பாக்கெட்டுகள் ("இணைப்பை உடனே முடி" என்று சொல்லும் சிறு தகவல்கள்) போயின. இரு முனையும் "எதிராளி இணைப்பை முடித்துவிட்டான்" என்று நம்பித் துண்டித்துக்கொண்டன. வயர்ஷார்க்கில் (பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் மென்பொருள்) ரீசெட் கொடி உள்ளவற்றை வடிகட்டி, டிடிஎல் எண்ணை (வழியில் ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறையும் எண்) ஒப்பிடுங்கள். மற்ற பாக்கெட்டுகள் 52 என்று வர, ரீசெட் மட்டும் 61 என்று வந்தால் அது வேறு இயந்திரம் அனுப்பியது. தளத்தின் சர்வர்களுக்கு முன்னால் நின்று வேலையைப் பங்கிடும் லோட் பேலன்சரும் அப்படி அனுப்பக்கூடும் என்பதால் இரு முனையிலும் பிடித்துப் பார்ப்பதே உறுதியானது.

இத்தனை ஆதாரம் இருந்தும் என்ன ஆயிற்று? அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசி 2008-இல் காம்காஸ்டுக்கு எதிராக உத்தரவிட்டது. அதற்கு அந்த அதிகாரமில்லை என்று 2010-இல் நீதிமன்றம் ரத்து செய்தது. "அரசு தலையிடவே கூடாது" என்பவர்கள் இந்த வழக்கைப் படித்தே ஆகவேண்டும்.

---

இந்தியாவில் விலையும் வேகமும் தனித்தனி விதி, பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். தளத்துக்குத் தளம் வேறு விலை வைப்பதை இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பிப்ரவரி 8-இல் தடுத்தது. மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய், உச்சவரம்பு 50 லட்சம். சில தளங்களை மட்டும் இலவசமாகத் தந்த ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் இங்கே நின்றுபோனது அதனால்தான். தடுப்பது, அமுக்குவது, முன்னுரிமை தருவது ஆகியவை 2018-இல் உரிம நிபந்தனைக்குள் வந்தன. புகாரில் எது என்று பிரித்து எழுதுங்கள். டிராய் தனிநபர் புகாரை விசாரிக்காது. முதலில் உங்கள் நிறுவனத்தின் புகார் எண்ணான 198-க்கு அழைத்து டாக்கெட் எண் (புகார்ப் பதிவு எண்) வாங்குங்கள். தீர்வு வராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு ஆணையம். டாக்கெட் எண் இல்லாத மேல்முறையீடு அங்கேயே நின்றுவிடும்.