கேலக்ஸி மாறுவதை யாரும் பார்த்ததில்லையே, பிறகு எப்படி?

இரவுப்பூனை:
சுருள் கேலக்ஸிகள் காலப்போக்கில் நீள்வட்ட கேலக்ஸிகளாகிவிடும் என்று ஒரு உரையில் கேட்டேன். அதற்கு நூறு கோடி ஆண்டு கூட ஆகலாமாம். யார் உட்கார்ந்து பார்த்தது? எல்லாம் ஊகம்தானே?

ஆய்வுமாணவி:
கேலக்ஸிகளில் நட்சத்திரப் பிறப்பு ஏன் நின்றுபோகிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. பொதுமக்களிடம் பேசப் போனால் பள்ளிப் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். ஒரு கூட்டத்தின் போட்டோவில் குழந்தையும் கிழவரும் இருப்பதை வைத்து மனித வாழ்க்கையைப் புரிந்துகொள்ளலாம் என்று வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் திருப்தி இல்லை. போட்டோவில் இருப்பவர்கள் ஒரே நாளில் நிற்பவர்கள். வானத்தில் தூரமே காலம். நம் அண்டைக் கேலக்ஸியான ஆண்ட்ரோமெடாவிலிருந்து வரும் ஒளி 25 லட்சம் ஆண்டு பழையது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி பிடிக்கும் சில கேலக்ஸிகளின் ஒளி 1,300 கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பியது. பழைய காலத்தை நேராகவே பார்க்கிறோம். சுமார் 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் நட்சத்திரங்கள் இன்றைவிடப் பல மடங்கு வேகமாகப் பிறந்தன என்பது அப்படித்தான் தெரிந்தது.

மண்டை காய்வது வேறு இடத்தில். அன்றைய கேலக்ஸிகளில் எது இன்றைய எந்தக் கேலக்ஸியின் மூதாதை? எந்தத் தொலைநோக்கியும் இதைக் காட்டாது. நிறை, எண்ணிக்கை, நிறமாலை (ஒளியை நிறங்களாகப் பிரித்தால் கிடைக்கும் பட்டை) எல்லாவற்றையும் கணினி மாதிரிகளோடு பொருத்திப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஊகம் என்றால் இந்த இடத்தைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

கரும்புள்ளி:
பிறப்பு நின்றுவிட்டது என்று எப்படித் தெரியும்? நிறத்தை வைத்தா?

ஆய்வுமாணவி:
பாதி அதுதான். நீல நட்சத்திரங்கள் கனமானவை, சில கோடி ஆண்டுகளுக்குள் எரிந்து தீர்ந்துவிடும். நீலம் தெரிந்தால் பிறப்பு அண்மையில் நடந்திருக்கிறது என்று பொருள். சிவப்பு மட்டும் மிஞ்சினால் நின்று நாளாகியிருக்கலாம். ஆனால் தூசி மறைத்தாலும் சிவப்பாகவே தெரியும் (தூசி எங்களைப் படுத்தும் பாடு தனிக்கதை). அதனால் நிறமாலையில் ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு இருக்கிறதா என்றும் தேடுவோம். இளம் நட்சத்திரங்களைச் சுற்றியுள்ள வாயுவிலிருந்து அது பலமாக வரும்.

இரவுப்பூனை:
சரி, அப்போது சுருள் நீள்வட்டமாகும் என்றது?

ஆய்வுமாணவி:
இரண்டு பெரிய சுருள்கள் மோதி ஒன்றானால் பெரும்பாலும் அப்படி நடக்கும். ஆனால் சுருள் வடிவம் கலையாமலே பிறப்பு அடங்கிப்போன சிவப்புச் சுருள்களும் உண்டு. 2007இல் தொடங்கிய கேலக்ஸி ஸூ திட்டத்தில் ஏறத்தாழ 9 லட்சம் கேலக்ஸிகளைப் பொதுமக்களே வடிவவாரியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். சிவப்புச் சுருள்கள் கணிசமாக இருப்பது அதில் தெளிவானது. அந்தத் திட்டம் இன்னும் நடக்கிறது. பட்டம் எதுவும் கேட்க மாட்டார்கள், நீங்களும் உட்காரலாம்.